முட்டிவலியும் முன்வரிசையும்

அந்தக் கேளிக்கைப் பூங்காவின் பெரிய ரோலர் கோஸ்டரில் ஏறியவர்கள் இறங்கி வெளியே போக ஒரே வழிதான். பரிசுப்பொருள் கடைக்குள் நுழைந்து, நீலக் கால்சட்டை போட்ட நீர்யானைப் பொம்மைகளுக்கு நடுவே நெளிந்து, பில் போடும் மேசையைத் தாண்டித்தான் வெயிலைப் பார்க்க முடியும். தலை சுற்றி அடங்குவதற்குள் பர்ஸைத் திறக்க வைத்துவிட வேண்டும் என்பது முதலாளிகளின் கணக்கு.

அந்தக் கடையில் அவளை எல்லோரும் சாவிக்கொத்து என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெயர் பொறித்த சாவிக்கொத்துகள் தொங்கும் சுழல்கம்பியருகே அவளை நிறுத்தியிருந்தார்கள். ஊரில் இருக்கிற பெயர்களில் பாதிகூட அந்தக் கம்பியில் கிடையாது. தங்கள் பிள்ளையின் பெயர் இல்லாத பெற்றோர், அதை ஒளித்து வைத்ததே அவள்தான் என்று சண்டைக்கு வருவார்கள். ஒருநாள் பொறுக்கமுடியாமல், "ஒரு எழுத்துதான சார் வித்தியாசம், பையன் பேர மாத்திடுங்களேன்" என்று சொல்லிவிட்டாள். சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போட்டோ மேசைக்கு மாற்றப்பட்டாள். பட்டப்பெயரும் கூடவே வந்தது.

போட்டோ மேசை அவளுக்கென்றே செய்தது. வண்டி உச்சியிலிருந்து தலைகுப்புறப் பாயும் இடத்தில் ஒரு கேமரா இருக்கிறது. ஆட்கள் கடைக்குள் வந்து சேருமுன்பே அவர்களுடைய முகங்கள் திரைக்கு வந்துவிடும். கன்னம் காதுக்குப் போன பெரிய மனிதர்கள், புது மனைவியின் தோளுக்குப் பின்னால் ஒளியும் மாப்பிள்ளைகள். விக் பறக்கும் படத்தை அழிக்கச் சொல்லிக் கணவர் கெஞ்சுவார். மனைவி அதிலேயே இரண்டு பிரதி கேட்பாள். எல்லோரிடமும் அவள் ஒரே வசனம்தான் சொல்லுவாள். "ரொம்ப அழகா விழுந்திருக்கு."

சூப்பர்வைசருக்கு அது போதாது. "சிரிச்சுக்கிட்டே சொல்லும்மா. பல்லு தெரியணும்" என்பார்.

நாள் முழுக்க நின்றுவிட்டு வீட்டுக்குப் போனால் அங்கே மாமியார் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு முட்டிவலி. குடித்த டம்ளரைப் பக்கத்து மேசையில் வைக்கவும் மருமகள் வரவேண்டும். மகன் அம்மாவுக்காகச் சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டான், வெந்நீர்ப் பை வாங்கினான், மாடிப்படியில் கைத்தாங்கலாக ஏற்றி இறக்கினான். புதன்கிழமைதோறும் எதிர்வீட்டு அம்மா அவளை வாடகை வண்டியில் ஏற்றி பிசியோதெரபிக்குக் கூட்டிப் போவாள். போய் வந்த அன்று வலி இரண்டு மடங்காகிவிடும். மருமகள்தான் களிம்பு தேய்த்துவிட வேண்டும்.

அப்படி ஒரு புதன்கிழமை மத்தியானம் புதிய படம் திரையில் விழுந்தது. முன்வரிசையில், சென்ற மாதம் அவளே வாங்கிக் கொடுத்த பச்சை ஸ்வெட்டர். அதற்குள் மாமியார். ஒரு கை வானத்தைக் குத்திக்கொண்டிருந்தது. இன்னொரு கையில், பறந்துவிடக்கூடாது என்று கழற்றிப் பிடித்த பல்செட். குகைபோல் திறந்த வாய். பக்கத்து இருக்கையில் எதிர்வீட்டு அம்மா கண்ணை இறுக்கி மூடி, செத்துப்போனவளைப் போலிருந்தாள்.

சமையலறை இழுப்பறையில் போட்டு மறந்திருந்த ஊழியர் குடும்பப் பாஸ் எங்கே போனது என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

கதவைத் தள்ளிக்கொண்டு மாமியார் விறுவிறுவென்று நடந்து வந்தாள். மருமகளைப் பார்த்ததும் நடை ஒரு கணம் தடுமாறியது. புதன்கிழமைகளில் மருமகளுக்குக் காலை ஷிஃப்ட்தான்; அன்று ஆள் வராததால் மத்தியானமும் நிறுத்திவிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. சூப்பர்வைசர் வேறு பக்கத்திலேயே நின்றார். சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டு, முன்பின் தெரியாதவளிடம் பேசுகிற தோரணையில் கேட்டாள்.

"ஏம்மா, முன்வரிசை போட்டோ எது?"

"முட்டி எப்படி இருக்கு?"

"யாரு முட்டி?"

"கஸ்டமர்கிட்ட கேக்கற கேள்வியா இது?" என்று சூப்பர்வைசர் பாய்ந்தார்.

"பாருங்க சார், சிரிக்கக்கூட மாட்டேங்குது இந்தப் பொண்ணு" என்று மாமியார் எண்ணெய் ஊற்றினாள்.

"எத்தனை தடவ சொல்றது? பல்லு தெரியணும்!"

"மொதல்ல அவங்களப் பல்லப் போடச் சொல்லுங்க சார்."

மாமியார் தன் கையைப் பார்த்தாள். திரும்பி நின்று, ஒரு நீர்யானைப் பொம்மையின் மறைவில் காரியத்தை முடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியேறினாள்.

சாயங்காலம் மருமகள் வீட்டுக்குள் நுழைந்தபோது, கணவன் வெந்நீர்ப் பையை அம்மாவின் முட்டியில் பக்குவமாக வைத்துக்கொண்டிருந்தான்.

"தெரபி எப்படிம்மா இருந்துச்சு?"

"இன்னிக்குக் கொஞ்சம் வேகமா இழுத்துட்டாங்கப்பா."

போட்டு உடைத்துவிடலாமா என்று அவளுக்கு நாக்கு துடித்தது. ஆனால் கையில் வந்த துருப்புச்சீட்டை ஒரே ஆட்டத்தில் தொலைக்க அவளுக்கு மனம் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"அத்தை, ஒரு டீ போடுங்களேன்."

மாமியார் எழுந்து போய் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

"பரவால்லயே, தெரபி வேலை செய்யுது!" என்று மகன் கண்கலங்கினான்.

அவன் குளிக்கப் போனதும் அவள் சமையலறைக்குள் நுழைந்தாள். "முட்டிவலின்னது பொய்யா அத்தை?"

"நெஜமாத்தான் வலிக்குது. ஏறுற வரைக்கும் வலிக்கும். வண்டி கெளம்பினா ஞாபகமே வராது."

"இந்த வயசுல எதுக்கு இது?"

"கத்தறதுக்குத்தான்." மாமியார் அடுப்பை அணைத்தாள். "வீட்டுல கத்துனா உன் புருஷன் டாக்டருக்குப் போன் பண்ணுவான். உங்க மாமா போனப்பகூட, அழாத அழாதன்னு ஆளாளுக்கு வாயப் பொத்துனாங்க. அங்க எவ்வளவு கத்துனாலும் ஏன்னு கேக்க ஆளில்ல. நீ ஏறியிருக்கியா?"

"இல்ல. பயம்."

"ஊரு மூஞ்சியெல்லாம் பாத்து இளிக்கிறல்ல? உன் மூஞ்சியையும் ஒரு நாள் காட்டு."

அது அவளைச் சுட்டது. விடுப்பைப் புதன்கிழமைக்கு மாற்றிக்கொண்டு மாமியாரோடு போனாள். இனி உயிர்போனாலும் ஏறமாட்டேன் என்று எதிர்வீட்டு அம்மா ஏற்கெனவே கும்பிடு போட்டுவிட்டாள். வண்டி உச்சியில் நின்றபோது சாவிக்கொத்து முன்கம்பியைக் கட்டிக்கொண்டாள். இறங்கிவிடுகிறேன் என்று அழுதாள். மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பாய்ந்ததும் அவள் வாயிலிருந்து அம்மாவும் வரவில்லை, சாமியும் வரவில்லை. சூப்பர்வைசரைப் பற்றி இத்தனை ஆண்டுகள் விழுங்கி வைத்திருந்ததெல்லாம் அச்சில் ஏற்றமுடியாத தமிழில் கொட்டியது. இறங்கியபோது நெஞ்சில் அடைத்திருந்த ஏதோ ஒன்று கழன்று விழுந்திருந்தது. மாமியார் அவளை மரியாதையோடு பார்த்தாள். "இவ்வளவு வார்த்த தெரியுமா உனக்கு!"

விஷயம் கணவனுக்கு எட்டியது எதிர்வீட்டு அம்மா மூலமாகத்தான். அம்மா ஏமாற்றியதைவிட, தன்னைக் கூப்பிடவில்லை என்பதுதான் அவனுக்கு ஆறவில்லை. வெந்நீர்ப் பையைத் தானே வைத்துக்கொண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு அவனும் வரத்தொடங்கினான். ஏறமட்டும் மாட்டான். அம்மாவின் கண்ணாடியையும் மனைவியின் கைப்பையையும் சுமந்துகொண்டு வேலிக்கருகே நிற்பான், மேலிருந்து வரும் கூச்சலில் தன் பெயரும் அடிபடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு.

அடிபடத்தான் செய்கிறது.