வண்டிக்கு வைத்த சந்தனம்

சூடேறிய இரும்பில் சந்தனம் கருகும் வாசனையை ஒருமுறைதான் முகர்ந்திருக்கிறேன். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து மலைப்பாதையில், ஒரு விடியற்காலையில். இன்றும் யாராவது சந்தனம் அரைத்தால் நெஞ்சு ஒரு கணம் திடுக்கிடுகிறது. பிறகு டாக்டர் ஐயாவின் முகம் நினைவுக்கு வந்து அது அடங்குகிறது.

டாக்டர் ஐயா என்று நாங்கள் அழைத்தவர் தோட்டத்து மருந்துசாலையை நடத்தியவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். படிப்பு முடிந்ததும் அவருக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். தோட்டத்தை நிர்வகித்த துரை கார் வாங்கியபோது தம் பழைய மோட்டார் சைக்கிளை மருந்துசாலைக்குக் கொடுத்திருந்தார். அதன் இயந்திரத்தைச் சுற்றி, தோசைக்கற்களை அடுக்கியதுபோல் இரும்புச் செதில்கள் இருக்கும். அந்த இடுக்குகளில் காற்று ஓடினால்தான் சூடு தணியும். அதனால் ஐயா மாலைதோறும் பழைய பல்துலக்கும் பிரஷால் சேற்றைச் சுரண்டுவார். ஏற்றத்தில் கைப்பம்பை அழுத்தி எண்ணெய் விடுவார். வளைவுகளில் காற்றடிக்கும் பக்கம் திருப்பி நிறுத்தி, வண்டியை ஆறவிடுவார். "நமக்கு சூடுன்னா வேர்க்குது. இது என்ன செய்யும், பாவம்" என்பார்.

அந்த வருடம் ஆயுத பூசையன்று என் அம்மா கிண்ணம் நிறையச் சந்தனத்தோடு மருந்துசாலைக்கு வந்தாள். மலைமேல், மேற்பிரிவுத் தொழிலாளர் லயத்தில் என் அண்ணிக்கு நிறைமாதம். முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கும் கொழுந்துக் கூடைக்கும் ஒரு பொட்டோடு நிறுத்திக்கொள்ளும் அம்மாவுக்கு, டாக்டரை ஏற்றி வரப்போகும் வண்டிக்கு அது போதுமென்று படவில்லை. செதில் செதிலாக, இடுக்கு விடாமல் அப்பினாள். மாலையில் ஐயா பிரஷோடு வந்து நின்றார்.

"நாளைக்கு மறுபூசை வரைக்கும் தொடக்கூடாதுங்க ஐயா. மருமகளுக்காக வேண்டி வச்சது."

ஐயா வண்டியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "சரிம்மா" என்று பிரஷைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அம்மா நிம்மதியாக அண்ணியிடம் கிளம்பிப் போனாள்.

விடிவதற்குள் அண்ணன் ஓடி வந்தான். வலி கண்டு வெகுநேரமாகியும் பிள்ளை இறங்கவில்லை, மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள் என்றான். மறுபூசைக்கு ஏது நேரம்? ஐயா பையை மாட்டிக்கொண்டு ஏறினார்; நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். பாதி ஏற்றத்தில் அந்த வாசனை வந்தது. பிறகு புகை. இயந்திரம் உள்ளுக்குள் யாரோ தட்டுவதுபோல் முட்டிவிட்டு நின்றுபோனது.

காலைப் பெரட்டில் பேர் பதிந்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"அடியே, மாப்பிள்ளைக்கு நலுங்கு பலமா வச்சிட்டாங்க போல. நகர மாட்டேங்குறாரு!"

ஒருத்தி ஓடையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்தாள். ஐயா பதறிக் கைநீட்டித் தடுத்தார். "ஊத்திராதம்மா! காஞ்ச சட்டியில பச்சத்தண்ணி ஊத்துனா என்னாகும்? வெடிச்சிரும்."

காய்ந்து இறுகிப்போன சந்தனத்துக்குப் பிரஷ் போதவில்லை. என் அண்ணிக்குத்தான் இந்த அவசரம் என்று நான் சொன்னதும் சிரிப்பு நின்றது. ஆளுக்கொரு கொண்டை ஊசியை உருவிக்கொண்டு, சூட்டுக்கு விரலை ஊதி ஊதிச் சுரண்டினார்கள். பிறகு எல்லோருமாக வண்டியைக் காற்றடிக்கும் வளைவுவரை தள்ளினோம். அங்கே ஐயா செதில்மேல் கை வைக்க முடிகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காத்திருந்த அந்த நேரத்தைப்போல நீண்ட நேரம் என் வாழ்வில் இல்லை.

"பாரம் வேணாம், நீ குறுக்கால வா" என்று சொல்லிவிட்டு, எண்ணெய் விட்டு, தனியாகப் புறப்பட்டார். நான் தேயிலைச் செடிகளுக்கிடையே ஓடினேன். தலைக்குமேல் அந்தச் சத்தம் ஏறிக்கொண்டே போனது. அது நிற்கக்கூடாது என்பதைத் தவிர வேறெதுவும் எனக்கு நினைவில்லை. நிற்கவில்லை.

நான் மூச்சுவாங்கப் போய்ச் சேர்ந்து, வெகுநேரம் வாசலிலேயே நின்றேன். வெயில் ஏறிய பிறகுதான் உள்ளேயிருந்து அழுகுரல் கேட்டது. பெண் குழந்தை. அம்மா வெளியே வந்து வண்டியைக் கும்பிட்டாள். "சந்தனம் வீண்போகல ஐயா" என்றாள். கைகழுவிக்கொண்டிருந்த ஐயா, "ஆமாம்மா" என்றார். விரல் சுட்டுக்கொண்ட பெண்களிடமும் என்னிடமும் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: சந்தனத்தால் வண்டி நின்றதை என் அம்மாவிடம் சொல்ல வேண்டாம். யாரும் சொல்லவில்லை. பின்னாளில் ஐயா லுணுகலைப் பக்கத் தோட்டத்துக்கு மாற்றலாகி, வண்டி என் கைக்கு வந்த பிறகும் நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த வருட ஆயுத பூசைக்கு அம்மா, பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அதே அளவு சந்தனத்தோடு வந்தாள். ஐயா வண்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

"இந்த வருசம் முன் விளக்குக்கு மட்டும் வைங்கம்மா."

"ஏங்க ஐயா, போன தடவ எதும் தப்பாயிருச்சுங்களா?"

ஐயா குழந்தையின் காலைப் பிடித்து மெல்ல ஆட்டினார். "போன வருசம் கேட்டது பெருசு, நெறைய வேண்டியிருந்துச்சு. இப்பதான் கெடச்சிருச்சே."

அம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. விளக்குக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு, மீதியையெல்லாம் பேத்தியின் கன்னத்தில் அப்பினாள்.