கொடுமுடியில் வீங்கிய கால்

என் கணவருக்கு ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா. கூடவே, போடும் மருந்தை உடம்பே முறித்துவிடும் இன்ஹிபிட்டர் என்ற எதிர்ப்பொருளும் இருப்பதால், ரத்தத்தை உறையவைக்கும் வழக்கமான ஃபேக்டர் ஊசியும் அவருக்கு வேலை செய்யாது. கொடுமுடிக்குக் கல்யாணத்துக்குப் போன இடத்தில் படித்துறையில் வழுக்கி விழுந்தார். வெளியே காயமில்லை. ஆனால் உள்ளே ரத்தம் கசிந்து தொடை வீங்கிக்கொண்டே வந்தது. பக்கத்து மருத்துவமனையில் அந்த வழக்கமான ஊசிதான் இருந்தது.

எங்களைப் போன்ற குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். ஈரோட்டு அக்கா ஒருவர் உடனே கூப்பிட்டார்.

"அம்மணி, காலைத் தேய்க்க யாரையும் உடாதீங்க. அவருக்கான மருந்து கோயமுத்தூர்ல இருக்குதுங்க, கேட்டுப்போட்டேன். கெளம்புங்க."

காரில், வீக்கம் இறுக்கி ரத்த ஓட்டம் குறைந்து, அவர் பாதம் சில்லிட்டது. விரல்கள் மரத்துவிட்டன என்றார்.

கோயமுத்தூரில் அந்த மருந்து ஏறிய பிறகுதான் கசிவு நின்றது; கால் தப்பியது. இப்போது எந்த ஊருக்குக் கிளம்பினாலும், அங்கே மருந்து கிடைக்குமா என்று குழுவில் முதலில் கேட்கிறேன். சில ஊர்களுக்குப் பதிலே வருவதில்லை. அங்கெல்லாம் நாங்கள் போவதில்லை.