குளித்துவிட்டுப் போன நாள்

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி மஞ்சு பீரோவை வேறு சுவரோரம் மாற்றிப் போட்டாள். பதினொரு வருடமாக அசையாத பீரோ. கட்டில், அரிசி டிரம், தண்ணீர்க் குடம் எதுவுமே எங்கள் வீட்டில் இடம் மாறியதில்லை. மாற்றினால் வெல்டர் முட்டிக்கொள்ளும். வெல்டர் எங்கள் பூனை. அதற்குக் கண் தெரியாது.

பீரோ இருந்த இடத்தில் தரை மட்டும் புதிதாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு லேத் கம்பெனியில் நான் சேர்ந்த புதிது. இரும்புத் துருவல் கொட்டும் டிரம்முக்குப் பின்னால் கிடந்தது குட்டி, உள்ளங்கை அளவுக்கு. இமை இரண்டும் சீழ் பிடித்து ஒட்டியிருந்தன. பக்கத்து மிஷின் ஏழுமலை அண்ணன், பழவேற்காட்டுக்காரர், குனிந்து பார்த்தார்.

"இன்னாடா இது, கண்ணாடி போடாம வெல்டிங் பாத்தவன் மாரி கண்ண மூடிக்கினு கீது."

பெயர் அங்கேயே வைத்தாயிற்று. பெண் பூனை என்பது பிறகுதான் தெரிந்தது. பொன்னேரி கால்நடை டாக்டர், பார்வை வராது என்று சொல்லிவிட்டார். மூன்று நாளில் யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்று மஞ்சுவிடம் சத்தியம் செய்திருந்தேன். என் சத்தியங்களின் லட்சணம் அவளுக்குத் தெரியாததா.

லேத்தில் நிற்பவன் மேல், இரும்பு கடையும்போது ஊற்றும் கூலண்ட் ஆயில் வாடை லேசில் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். வெல்டருக்கு அந்த வாடைதான் நான். ஷிப்ட் முடிந்து வந்தால் சட்டையைக் கழற்ற விடாது. மடியில் ஏறி, சட்டைப் பையில் முகத்தைத் தேய்த்து, கால் மணி நேரம் ஆனால்தான் இறங்கும்.

கடைசியில் அதற்குக் கிட்னி போய்விட்டது. காதும் கேட்கவில்லை. மஞ்சு டாக்டரிடமிருந்து போன் செய்தாள்.

"ரொம்ப கஷ்டப்படுது. ஊசி போட்டுடலாம்னு சொல்றாரு. நீங்க வந்தப்புறம்தான் போடணும்னு சொல்லிக்கீறேன்."

பர்மிஷன் போட்டுக் கிளம்பினேன். வழியில் வீட்டுக்குப் போய்க் குளித்தேன். ஆஸ்பத்திரிக்கு ஆயில் சட்டையோடு போகக் கூடாது என்பது எங்கள் மாதிரி ஆட்களின் பழக்கம். யூனிபார்மைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

மேஜை மேல் படுத்திருந்தது. கையை நீட்டினேன். முகர்ந்தது. தலையை இழுத்துக்கொண்டது. பிறகு மூக்கை வாசல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டது.

மஞ்சு என் சட்டையைப் பார்த்தாள். "குளிச்சிட்டா வந்தீங்க?"

"ஆமா."

"அது உங்களத்தான் தேடிக்கினு கீது."

வீட்டுக்குப் போய் வர ஒரு மணி நேரம். போனாலும் சட்டை வாளிக்குள் கிடக்கிறது. அது மூச்சு விடுகிற விதத்தைப் பார்த்தால் காத்திருக்க வைப்பது பாவம். "போடுங்க டாக்டர்" என்றேன். ஊசி இறங்கும்வரை மூக்கு வாசல் பக்கமே இருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. மறுநாள் ஏழுமலை அண்ணன் வெல்டரைப் பற்றிக் கேட்டார். "போயிட்ச்சிண்ணா" என்றேன். மிஷினை ஓட்டினேன்.

ஷிப்ட் முடிந்து வந்ததும் ஆயில் சட்டையோடு கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வாடைக்காக என்னைத் தேடுவதற்கு வீட்டில் இனி யாரும் இல்லை. மஞ்சு சோற்றை எடுத்து வைத்துவிட்டு, குளிக்கச் சொல்லாமல் காத்திருக்கிறாள்.