அன்ரன் அண்ணையின்ரை முழங்காலும் என்ரை மோட்டரும்

ஒழுங்காய் ஓடிக்கொண்டிருக்கிற சைக்கிளைக் கழட்டிப்போட்டு, அதைக் கரண்டிலை ஓடப்பண்ணிக் குடுக்கிறதுதான் என்ரை தொழில். இதிலை கழட்டிறது சுகம், பூட்டிறதும் பரவாயில்லை, சைக்கிள்காரரைச் சமாளிக்கிறதுதான் பெரும்பாடு. தையல்கடை, சலூன், போன் திருத்திற கடை எண்டு ஏதோ ஒண்டை வைச்சுக்கொண்டு சனத்தோடை மல்லுக்கட்டிற ஆக்களுக்கு நான் கனக்கச் சொல்லத் தேவையில்லை. உங்கடை தலையிடிதான் என்ரை தலையிடியும்.

வேலை என்னெண்டால், பெடல் அச்சை வெளியிலை எடுத்துப்போட்டு, அந்த ஓட்டைக்குள்ளாலை மோட்டரைச் செருகிப் பூட்டிறது. இந்த மோட்டர் சில்லைச் சுத்தாது. சைக்கிளின்ரை நடுவிலை, காலடியிலை இருந்து சங்கிலியை இழுக்கும். நாங்கள் மிதிக்க அதுவும் சேந்து மிதிக்கும், அவ்வளவுதான். பற்றரி பாருக்குக் கீழை. கோப்பாயிலை எங்கடை வீட்டு மதிலோடை சாய்ச்ச ஒரு தகரக் கொட்டில்தான் கடை.

அண்ணை இல்லையோ?

கடைக்கு வாற சனம் முதல் கேக்கிற கேள்வி இதுதான். கை முழுக்கக் கிறீஸ், மடியிலை மோட்டர், வாயிலை ஸ்குறூ, இந்தக் கோலத்திலை நான் குந்திக்கொண்டிருப்பன். என்னை ஏற இறங்கப் பாத்திட்டு, "அண்ணை இல்லையோ?" எண்டு கேப்பினம். அண்ணை இருக்கிறார்தான், லண்டனிலை. அந்த மனுசனுக்கு ஒரு பல்ப் மாத்தத் தெரியாது. முந்தியெல்லாம் நான்தான் மெக்கானிக், படிச்சனான் எண்டு விளக்கம் சொல்லிப் பாத்தன். பேந்து விசர் பிடிச்சு விட்டிட்டன். "அண்ணை வெளியிலை போட்டார், சைக்கிளை விட்டிட்டுப் போங்கோ" எண்டால் நிம்மதியாய்ப் போவினம். எடுக்க வரேக்கை "அண்ணைக்கு நல்ல கைராசி" எண்டு சொல்லிப்போட்டும் போவினம்!

குருநகர் அன்ரன் அண்ணை மட்டும் அப்பிடிக் கேக்கேல்லை. எங்கடை பக்கத்துக்கு மீன் கொண்டு வாறவர் அவர். கரியரிலை பெரிய மீன்பெட்டி, ஹான்டிலிலை ரப்பர் கோர்ண். விடிய மீனை எடுத்து, கோப்பாய் ஒழுங்கையெல்லாம் சுத்தி, மிச்சத்தைப் பாலத்தாலை கைதடிப் பக்கம் கொண்டுபோய் வித்துப்போட்டுத்தான் வீட்டை போவார். அண்டைக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். வலது முழங்கால் தேஞ்சு போச்சாம். பெடலைச் சும்மா சுத்தலாம், அழுத்தி மிதிக்கப்படாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டாராம். அவ்வளவு மீனை வைச்சுக்கொண்டு அழுத்தாமல் மிதிக்கிறதெப்பிடி? மோட்டர்சைக்கிள் எடுக்கக் கண்பார்வை விடாது. கடைசி மகள் கம்பசிலை படிக்கிறாள், வீட்டிலை உழைக்கிறது இவர் ஒருத்தர்தான். சைக்கிள் நிண்டால் வீடும் நிண்டிடும்.

"ஏன் அண்ணை, ஆம்பிளை மெக்கானிக் தேடேல்லையோ?" எண்டு நான்தான் வாயை வைச்சுக்கொண்டு இருக்கேலாமல் கேட்டன். மனுசன் சொன்னார்: "எல்லாரிட்டையும் போட்டுத்தான் வாறன், பிள்ளை. ஒருத்தனும் சைக்கிளைப் பாக்கேல்லை. என்ரை காலைப் பாத்திட்டு, வீட்டிலை இருங்கோ எண்டு புத்தி சொல்லுறாங்கள்!"

ஒரு ஆணியும் ஊர்ச்சனமும்

பழைய சைக்கிளுகளிலை பெடல் தண்டை அச்சோடை இறுக்கிறதுக்கு ஒரு சின்ன ஆணி இருக்கும். கொட்டர் பின் எண்டு சொல்லுவம். அதைக் கழட்டாமல் மோட்டர் பூட்டேலாது. அன்ரன் அண்ணையின்ரை சைக்கிளிலை மீன்தண்ணி வடிஞ்சு வடிஞ்சு அந்த ஆணி இரும்போடை இரும்பாய் ஒட்டிப்போய்க் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டன், சூடு காட்டினன், சுத்தியலாலை அடிச்சன். அசையேல்லை, கோதாரி.

எங்கடை ஊரிலை ரோட்டோரம் ஆராவது சுத்தியல் தூக்கினால் போதும், ஆக்கள் கூடிவிடுவினம். ஒருத்தர் கீழாலை அடி எண்டார். மற்றவர் மேலாலை அடி எண்டார். இன்னொருத்தர், வாகனமே ஓடத் தெரியாத மனுசன், தன்ரை மச்சான் சுவிசிலை இப்பிடி ஒண்டு கழட்டின கதையைத் துவங்கிவிட்டார். சுத்தியலை ஒருக்கா வாங்கி அடிப்பம் எண்டு மட்டும் ஒருத்தருக்கும் வாய் வரேல்லை. கடைசியிலை ஆணி டங்கெண்டு பறந்துபோய் ரோட்டோரக் கானுக்குள்ளை விழுந்தது. எல்லாரும் தாங்கள்தான் கழட்டினமாதிரிக் கை தட்டிச்சினம். அந்த நேரம் பாத்து, காலமை எங்களைக் கடந்து போன ஒரு ஐயா, பையோடை திரும்பி வந்து நிண்டார்: "இன்னும் உதையே அடிச்சுக்கொண்டிருக்கிறியள்? நான் சந்தைக்குப் போய், ஒரு செத்தவீட்டுக்கும் போய், சாம்பல் அள்ளிற காடாத்தும் பாத்திட்டு வாறன்!"

தேசிக்காய் தப்பின கதை

இடையிலை எங்கடை ஊர் சிவபாதம் அண்ணையின்ரை சைக்கிளுக்கும் மோட்டர் பூட்டினன். வெங்காயத் தோட்டம், பிள்ளையார் கோயில் பரிபாலனம், இரண்டுக்கும் நடுவிலை ஓடித் திரியிற மனுசன். அவருக்குப் பூட்டினது பெடலிலை பாரம் பட்டவுடனை இழுக்கிற வகை. "முதல் சீற்றிலை இருங்கோ, பேந்துதான் பெடலிலை கால் வைக்கோணும்" எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னன். "ஓம் ஓம்" எண்டு தலையாட்டினார். ஆனால் எங்கடை ஆக்கள் சைக்கிள் ஏறிறது எப்பிடி எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. இடக்காலைப் பெடலிலை ஊண்டி, மற்றக் காலாலை தெத்தித் தெத்தி, பேந்துதான் காலைத் தூக்கிப் போடுறது. சின்னனிலை இருந்து ஊறின பழக்கம், நான் சொல்லி மாறுமே?

புது வாகனமெண்டால் முதல் ஓட்டம் கோயிலுக்குத்தானே. சைக்கிளுக்கு விபூதி, சந்தனம், மாலை. முன்சில்லுக்குக் கீழை தேசிக்காய். ஐயர் தீபத்தட்டோடை முன்னுக்கு நிக்கிறார். "இனித் தேசிக்காயை நசிச்சுக்கொண்டு எடுங்கோ" எண்டு ஆரோ சொன்னதுதான் தாமதம், அண்ணை வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு இடக்காலைப் பெடலிலை ஊண்டினார். சைக்கிள் கிளம்பிட்டுது. அண்ணை கிளம்பேல்லை. ஒரு கால் பெடலிலை, ஒரு கால் நிலத்திலை, வேட்டி ஒரு பக்கம், கோயில் வீதியிலை இழுபட்டுக்கொண்டு போறார். தேசிக்காய் உருண்டு தப்பீட்டுது. ஐயர் தட்டைத் தலைக்கு மேலை தூக்கிக்கொண்டு ஒரு பக்கம் பாய்ஞ்சார். ஒருத்தருக்கும் காயமில்லை எண்டு தெரிஞ்ச பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. ஐயர் மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பாத்துச் சொன்னார்: "பிள்ளை, அருச்சனை முடியமுன்னம் வெளிக்கிடக்கூடாதெண்டு சைக்கிளுக்கும் ஒருக்காச் சொல்லிவிடு."

ரீச்சரின்ரை சங்கிலிக் கவர்

வட்டுக்கோட்டையிலை இருந்து ஞானம் ரீச்சர் தன்ரை லேடீஸ் சைக்கிளை ஓட்டோவிலை ஏத்திக்கொண்டு வந்தா. பென்சன் எடுத்திட்டா. மிசன் பள்ளிக்கூடத்திலை படிச்சு, மிசன் பள்ளிக்கூடத்திலேயே படிப்பிச்ச மனுசி, சீலை மடிப்புக் குலையாது, சைக்கிளும் அப்பிடித்தான். சங்கிலி முழுக்க மூடின கறுத்தக் கவர், அதிலை தங்க நிறக் கோடு. மோட்டர் பூட்டினால் அந்தக் கவருக்கு இடமில்லை எண்டு பயந்து பயந்து சொன்னன்.

ரீச்சர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. சீலை சங்கிலியிலை சிக்கும் எண்டு சொல்லப்போறா எண்டுதான் நான் நினைச்சன். அதில்லை அவவின்ரை கவலை. கவர் இல்லாத லேடீஸ் சைக்கிள் பாவாடை கட்டாமல் நிக்கிறமாதிரி இருக்குமாம்! கடைசியிலை பழைய கவரை மோட்டர் அளவுக்கு வெட்டி, விளிம்பு மடிச்சு, பெயின்ற் அடிச்சு, கோடும் கீறிக் குடுத்தன். மோட்டர் பூட்டினதிலும் பாக்க அதுக்குத்தான் கனநேரம் போனது. ரீச்சர் குனிஞ்சு இரண்டு பக்கமும் பாத்திட்டு, எனக்குப் புள்ளி போடுறமாதிரித் தலையாட்டினா: "இப்ப சரி. இல்லாட்டி நான் சேர்ச்சுக்குப் போற நேரம் பாஸ்ரர் பிரசங்கத்தை மறந்துபோவார்."

பாலத்திலை

அன்ரன் அண்ணையிட்டை வாறன். மோட்டர் பூட்டேக்கையே நான் சொன்னன், இந்த மோட்டரின்ரை முழுப் பலமும் சங்கிலியிலைதான் விழும், புதுச் சங்கிலி போடுவம் எண்டு. மனுசன் கேட்டால்தானே. "உது நல்ல சங்கிலி, தேங்காயெண்ணெய் போட்டு வளத்த சங்கிலி" எண்டு பிள்ளையைத் தடவிறமாதிரித் தடவினார். அவரின்ரை கால் வலிக்காமல் ஓடவேணும் எண்டு, பெடலைச் சும்மா சுத்தினாலே இழுக்கிறமாதிரிச் செய்து குடுத்தன். கொட்டிலுக்கு முன்னாலை ஒரு சுத்து ஓடிப் பாத்திட்டு மனுசன் சிரிச்ச சிரிப்பு! எனக்கும் பெருமைதான், ஏன் ஒளிப்பான்.

இரண்டாம் நாள், கைதடிப் பாலத்திலை, எதிர்க்காத்துக்கை, மிச்ச மீன் பாரத்தோடை சங்கிலி அறுந்துபோச்சு. ஓட்டோ ஒண்டும் வரேல்லை. அந்த முழங்காலோடை, வெயிலுக்கை, சைக்கிளை என்ரை கொட்டில் வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஐஸ் கரைஞ்சு மீன் பழுதாய்ப் போச்சு. முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. என்னாலை பாக்க ஏலாமல் போச்சு, அழுதே போட்டன். இவரை நம்பவைச்சுக் கெடுத்துப்போட்டனோ, மற்றவங்கள் சொன்னமாதிரி வீட்டிலை இருந்திருந்தால் இந்தக் கால் தப்பியிருக்குமோ எண்டு என்னையே நொந்துகொண்டன். அன்ரன் அண்ணை கொட்டிலுக்குள்ளை கிடந்த வாங்கிலை குந்தி, தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, மெள்ளமாய்ச் சொன்னார்: "மீன் போனது போகட்டும், பிள்ளை. நீயும் என்னை வீட்டிலை இருங்கோ எண்டு சொல்லிப்போடாதை."

கெதியாய் வந்த மீன்

புதுச் சங்கிலி போட்டன், முன் பல்லுச் சில்லையும் மாத்தினன். வீக்கம் வத்தினாப்பிறகு மனுசன் வெளிக்கிட்டார். சைக்கிள் எண்டால் சைக்கிள்! முக்கல் முனகல் இல்லை, காத்துமாதிரிப் போகுது. நான் வீட்டிலை எல்லாருக்கும் புளுகித் திரிஞ்சன். ஒரு கிழமை கழிச்சு அன்ரன் அண்ணை வந்து பெட்டியைத் திறந்து காட்டினார். சூடை, பாரை, விளைமீன், எல்லாம் அப்பிடியே கிடக்கு. கோப்பாயிலை ஒருத்தரும் மீன் வாங்கினமில்லையாம். இப்பிடியே போனால் மகளின்ரை படிப்பைப் பாதியிலை நிப்பாட்டவேண்டியதுதான் எண்டு சொல்லிப்போட்டு மனுசன் பெட்டியை மூடினார்.

எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. அடுத்தநாள் எங்கடை வீட்டு வாசல் படலையிலை நிண்டு பாத்தன். ஒழுங்கை வாசலிலை பாம் பாம் எண்டு கோர்ண் கேட்டுது. அந்தச் சத்தத்தோடையே அன்ரன் அண்ணை என்னைக் கடந்து போட்டார். எப்பவும் ஆள் நிக்கிற படலையிலைதான் அவர் நிப்பாட்டுவார், ஆள் இல்லாட்டி மீன் வேண்டாம் எண்டு அர்த்தம். அது இஞ்சை எழுதாத சட்டம். இப்ப ஒரு படலையிலையும் ஆள் இல்லை. அவர் ஒழுங்கை முடக்கிலை மறைஞ்ச பிறகுதான் ஒவ்வொரு வீட்டிலை இருந்தும் சட்டியோடை சனம் ஓடிவருது. முன்வீட்டு ராசமக்கா தலைமயிர் விரிஞ்சபடி நடு ஒழுங்கையிலை நிண்டு கத்தினா: "உவன் அன்ரனுக்கு என்ன பிடிச்சது? கோர்ண் கேட்டு வந்தால் மீன் வாசம்தான் நிக்குது, மீனைக் காணேல்லை!"

ராசமக்காவின்ரை உலை

மோட்டரின்ரை வேகத்தைப் போனிலை இணைச்சுக் குறைக்கலாம், அது பெரிய வேலையில்லை. எவ்வளவுக்குக் குறைக்கிறது எண்டதுதான் பிரச்சினை. "முந்தி என்ன வேகத்திலை வந்தனியள்?" எண்டு அன்ரன் அண்ணையைக் கேட்டன். "காலுக்கு ஏலுமான வேகம்" எண்டார். இது ஒரு பதிலே? கடைசியிலை ராசமக்காவிட்டைத்தான் போனன். அவவுக்கு நல்ல வடிவாய்த் தெரிஞ்சிருந்தது. ஒழுங்கை வாசலிலை கோர்ண் கேட்டால், உலையைக் கஞ்சி வடிச்சு இறக்கி, கையைத் துடைச்சு, கொண்டையை முடிஞ்சு, சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு படலைக்கு வர, அன்ரன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேருவானாம்.

அப்ப அதுதான் அளவு. வெறும் பெட்டியோடை அன்ரன் அண்ணை கோர்ண் அடிச்சுக்கொண்டு வருவார். ராசமக்கா வெறும் பானையை வடிச்சு, முடிஞ்ச கொண்டையை அவிட்டுத் திரும்ப முடிஞ்சு, சட்டியோடை ஓடிவருவா. அவர் முந்தினால் நான் வேகத்தைக் குறைப்பன். ஒழுங்கைச் சனம் முழுக்க மதிலாலை எட்டிப் பாத்துச் சிரிக்குது. ராசமக்காவும் அன்ரன் அண்ணையும் படலையிலை ஒண்டாய் வந்து சேந்தவுடனை நான் போனை மூடினன். அடுத்தநாள் கைதடிக்குக் கொண்டுபோக அவரிட்டை மீன் மிஞ்சேல்லை. எனக்கு வந்த சந்தோசத்திலை அந்த வெறும் பெட்டியையே கட்டிப்பிடிச்சிருப்பன், மணத்துக்காக விட்டிட்டன்.

போன கிழமை அன்ரன் அண்ணையின்ரை மனுசி குருநகரிலை இருந்து பஸ்ஸேறி, எனக்கு ஒரு பெரிய விளைமீனோடை வந்தா. பெட்டி வெறுமனே வருதாம், முழங்கால் வீங்கிறதில்லையாம், மகள் சோதினைக்குப் படிக்கிறாளாம். சொல்லேக்கையே கண் கலங்கிச்சுது. பேந்து கிட்ட வந்து, இரகசியமாய், என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னா: "நீ குறை நினையாதை பிள்ளை, உன்ரை மோட்டர் பூட்டின புதிசிலை மனுசன் பேய்மாதிரிப் பறந்தது, நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தாப்பிறகுதான் பழையபடி ஆறுதலாய்ப் போகுது."

கெதியாய் ஓடவைக்கிற இந்தத் தொழிலிலை நான் செய்த ஒரே உருப்படியான வேலை ஒரு மனுசனை அவரின்ரை பழைய வேகத்துக்கே திருப்பிவிட்டது, அதுக்கும் மெழுகுதிரி கொழுத்தினது அந்தோனியாருக்குத்தான்.