மூன்று பேருக்கு ஒரே பாஸ்வேர்டு

"…அழிச்ச கைய மட்டும் காட்டுங்க சாரே, மத்தவுகள்லாம் டீ குடிக்கப் போகலாம்" என்றார் அவர். கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. காலடியில் டிவிஷன் கிளார்க் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தார். விரலிடுக்கில் வழிந்த ரத்தம் சட்டைக் காலரை நனைத்துவிட்டது.

அன்று காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், கிளார்க் திரையைப் பார்த்துப் பெயர்களைக் கூப்பிட்டபோது, கத்தி வைத்திருந்தவருடைய மனைவியின் பெயர் வரவில்லை. செக்ரோலில், அதாவது நிரந்தர ஆட்களின் பட்டியலில், பெயர் இல்லையென்றால் வேலை இல்லை. தோட்டம் கொடுக்கும் லயத்து வீடும் இல்லை. இவர் காண்டிராக்ட் ஆள். வீடு மனைவி பேரில்தான். பெயர் போன சேதி காதில் விழுந்ததும் நேரே ஆபீசுக்குள் வந்தவர், ஒரு வார்த்தை பேசாமல் கத்தியைப் படுக்கையாகத் திருப்பி கிளார்க்கின் காதோடு அறைந்தார். கீழே விழுந்தவரின் விலாவில் இரண்டு உதை. அதன் பிறகுதான் பேச்சு.

தோட்டத்துக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் நான். எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை. போனில் கேட்டும், கெடுத்துச் சரிசெய்தும் கற்றதுதான். சர்வர் மூணாறு மெயின் ஆபீசில் இருக்கிறது. டிவிஷன்களில் வெறும் திரையும் கீபோர்டும்தான். யார் எந்தப் பெயரில் உள்ளே போகிறாரோ, அவருக்கென்று வைத்த திரை வரும். கொழுந்து நிறுப்பவருக்கு எடை புரோகிராம் மட்டும், செக்ரோல் கிளார்க்குக்கு மட்டும் என்று பிரித்து வைப்பது என் வேலை.

அந்த டிவிஷன் ஆபீசில் நான் பிரிக்கவில்லை. கிளார்க், ஃபீல்டு ஆபீசர், சூப்பர்வைசர் மூவருக்கும் 'ஆபீஸ்' என்று ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. தனித்தனியாகக் கொடுத்தால் மறந்துவிட்டு வாரம் மூன்று தடவை போன் செய்வார்கள். ஃபீல்டு ஆபீசர் அதைக் கதவுக்குப் பின்னால் சாக்பீஸில் எழுதியே வைத்துவிட்டார். "ஒத்தக் குடும்பத்துக்கு எதுக்கு மூணு அடுப்பு?" என்று அவர் கேட்டபோது நான் ரசித்துச் சிரித்தேன். யாராவது இப்படி ஒன்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை மறந்துவிடும்.

அன்று கீபோர்டு மாற்ற வந்தவன், அதே பழைய கீபோர்டைத் தட்டினேன். முந்தின நாள் காலையில் எடுத்த நகலிலிருந்து அந்த அம்மாவின் பெயரைத் திரும்ப எடுத்துப் போட்டேன்.

"பேரு வந்துருச்சுண்ணே. வீடு எங்கயும் போகாது."

"இன்னைக்கு வந்துருச்சு. நாளைக்கு மறுபடி அழிச்சாம்னா? எவன்னு சொல்லு."

யார் அழித்தார் என்ற பதிவைத் திறந்து காட்டினேன். "ஆபீஸ்னுதான் காட்டுது."

"ஆபீசுன்னா யாருய்யா? இந்தச் செவுத்த வெட்டவா?"

வெட்டவே செய்தார். காரை பெயர்ந்து என் முகத்தில் அடித்தது. அடுத்த வெட்டு மேசையில் விழுந்து கீபோர்டு இரண்டாகப் பிளந்தது. எழுத்துக் கட்டைகள் கிளார்க்கின் மேல் சிதறின. மூன்றாவது வெட்டு எனக்குத்தான் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது திரையில் அந்தப் பதிவு அப்படியே இருந்தது. அழித்தவர் பெயர் இல்லாவிட்டாலும், அழித்த நேரம் இருந்தது.

"நேத்து சாயங்காலம் நாலு பத்து" என்று வாசித்தேன். "நாலு பத்துக்குக் கிளார்க் எங்க இருந்தாருண்ணே?"

அவர் யோசித்தார். கத்தி தாழ்ந்தது. "எடைக் கொட்டாயில. எம்பொண்டாட்டி கொழுந்தத்தான் நிறுத்துக்கிட்டு நின்னாரு. நாந்தான சாக்கத் தூக்கி வச்சேன்."

"அதத்தான்யா சொல்ல வந்தேன்" என்று தரையிலிருந்து முனகினார் கிளார்க். "வாயத் தொறக்க விட்டியா நீ?"

இன்று அந்த ஆபீசில் மூவருக்கும் மூன்று திரைகள். செக்ரோல் கிளார்க்கின் திரையில் மட்டும்தான் வரும். அதற்கு ஒரு காது கிழிய வேண்டியிருந்தது.

அன்று, கிளார்க் முனகியபோது, பாஸ்வேர்டு தெரிந்த மற்ற இருவரும் ஜன்னலோரம் நின்றிருந்தார்கள். சூப்பர்வைசர் ஃபீல்டு ஆபீசரைப் பார்த்தார். ஃபீல்டு ஆபீசர் கதவைப் பார்த்தார்.

கத்தி வைத்திருந்தவர் தன் தலைத்துண்டை அவிழ்த்து, குனிந்து, கிளார்க்கின் காதில் வைத்து அழுத்தினார். கிளார்க்கின் கையையே எடுத்து அதன்மேல் வைத்தார். பிறகு கத்தியோடு எழுந்துபோய்க் கதவை உள்பக்கமாகத் தாழ்போட்டார்.