குளியல் தொட்டியில் ஒரு மிதவைப் பாலம்

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிரெஞ்சுப் படை கனமான பீரங்கிகளை மிதவைப் பாலத்தில் எப்படி ஆறு கடத்தியது என்று மறுநாள் வரலாற்று வகுப்பில் செய்து காட்ட வேண்டும். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக் குளியல் தொட்டிதான் ஆறு. கோயில் விருந்தில் மிஞ்சிய அலுமினியத் தட்டுகள் படகுகள், அவற்றின் மேல் பலகைத் துண்டுகள். அரிசி நிரப்பிய புட்டுக்குழல் பீரங்கிக் குழாய். அதைச் சுமக்க ஓர் இரும்புப் பொம்மை லொறி.

குழலை லொறியில் ஏற்றி மூன்று தரம் ஓட்டினேன்; மூன்று தரமும் பாலம் தண்ணீருக்குள் தாழ்ந்து போனது.

"தம்பி, உன்ர பீரங்கி எனக்கு இரவுச் சாப்பாட்டுக்கு வேணும்," என்றார் அம்மா.

குளிக்கக் காத்திருந்த தங்கச்சி, "அண்ணை, பிரெஞ்சுக்காரர் ஒருநாளும் குளிக்கேல்லையோ?" என்றாள்.

வகுப்புப் பாடப்புத்தகத்தைத் திரும்பப் பார்த்தேன். பெரிய பீரங்கியின் குழாயைக் கழற்றி, அதன் வண்டியிலிருந்து பிரித்துத் தனியாக இழுத்துப் போவார்கள் என்று இருந்தது. அந்த வரியைப் பாடமாக்கியிருந்தேன். ஏன் என்று யோசித்ததில்லை. லொறியை முதலில் கரை சேர்த்தேன். பிறகு குழலை ஒரு சின்ன வண்டியில் வைத்து இழுத்தேன். தட்டுகள் கொஞ்சம் அமிழ்ந்தன, தாழவில்லை.

"முடிஞ்சுதோ?" என்று கேட்டபடியே அம்மா குழலைக் கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வகுப்பிலும் பாலம் தாங்கியது. பீரங்கி வாயில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்ததைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.