பச்சைச் சேலைக்குள் இருந்த மஞ்சள் முடிச்சு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கே சின்ன ‘ல’, எங்கே பெரிய ‘ள’ என்று இன்னும் தடுமாறுவேன். பெங்களூரிலேயே வளர்ந்து, பஸ் போர்டைக் கன்னடத்தில் படித்துப் பழகிய கண்ணுக்குத் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யோசித்துத்தான் வருகிறது. பிழை இருக்கும் இடத்தில் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். இதை வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் பாதியில் நிறுத்திவிடுவேன். பேக்கரியில்கூட அதனால்தான் இத்தனை வருடமாக முன்பக்கம் நிற்காமல் பின்னால் அடுப்படியிலேயே இருக்கிறேன்.

எங்கள் வீடு மர்பி டவுனில். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் குளியலறை. அந்த அறையில் கட்டில், இரும்பு பீரோ, இரண்டு டிரங்குப் பெட்டி, தலைக்கு மேலே பரண். நாங்கள் இரண்டு பேர்தான். ஆனாலும் நடக்க வேண்டுமானால் பக்கவாட்டில் திரும்பித்தான் நடப்போம். பழகிவிட்டதால் அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

என் மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன் செய்தார்கள். அதற்குக் கிளம்பிய அன்று காலையில் அவள் குளித்துவிட்டு, ஒரு வெள்ளைத் துணித்துண்டை மஞ்சளில் நனைத்து, ஒரு காசை வைத்து முடிந்தாள். எங்கள் தெருமுனை அம்மன் கோயில் இருக்கும் பக்கம் பார்த்து, “தாயே, நான் என் கால்ல நடந்து வந்து இத உன் வாசல்ல கட்டறேன்” என்று சொன்னாள். அவள் முடிந்ததைப் பார்த்தேன். எங்கே வைத்தாள் என்று பார்க்கவில்லை. பீரோ கதவு சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே லாக்கரில் வைத்திருப்பாள் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்து அவளை மகள் தன் வீட்டுக்கு, சந்தாபுராவுக்கு, கூட்டிக்கொண்டு போனாள். அங்கே லிஃப்ட் இருக்கிறது, நடக்க இடம் இருக்கிறது. மகள் ஒருநாள் வாக்கரைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் அதை வைத்துத் தள்ளிப் பார்த்தாள். போகவில்லை.

“அப்பா, அம்மா எப்படி பாத்ரூம் போவாங்க?”

நான் பீரோவைத் தோளால் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை.

“பீரோவ அந்தச் சுவத்துக்கு நகத்தணும். அங்க இருக்கிற பெட்டியெல்லாம் காலி பண்ணணும். இவ்ளோ துணி எதுக்கு உங்களுக்கு? ஒரு வருஷமா கை படலன்னா அது வேணாம்னு அர்த்தம். அவ்ளோதான்.” போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். வெள்ளைச் சுவர், ஒரு மரக்கம்பி, அதில் நாலைந்து சட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. “பாரு, இந்தம்மா வீட்டுல மொத்தமே இதான்.”

“இவங்க வீட்டுல கல்யாணம் காதுகுத்து ஒண்ணும் வராதா?”

“அப்பா!” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் போன பிறகு, வேலை முடிந்து வரும் ஒவ்வொரு மதியமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். பரணில் மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, குக்கரின் பழைய ரப்பர் வளையங்கள், மகளுடைய பள்ளிச் சீருடை, கிழிந்த கொசுவலை. பெட்டிகளில் ரவிக்கைத் துணிகள். விசேஷத்துக்குப் போனால் தாம்பூலப் பையில் வைத்துக் கொடுப்பார்களே, அவை. யாரும் தைப்பதில்லை. ஒரு வீட்டில் வந்ததை இன்னொரு வீட்டில் வைத்துக் கொடுக்கவே வாழ்கின்றன. அதில் ஒரு ஊதா நிறத் துண்டு நாங்களே கொடுத்தது. எந்தெந்த வீடெல்லாம் சுற்றியதோ, திரும்ப எங்களிடமே வந்து படுத்திருந்தது.

ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது பயமாக இருந்தது. இது அவளுக்கு வேண்டுமோ? போனில் கேட்கலாம். கேட்டால் எல்லாமே வேண்டும் என்பாள். கேட்காமல் கொடுத்தால், வந்ததும் முதலில் அதைத்தான் தேடுவாள். மகள் சொன்ன ஒரு வருடக் கணக்கைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வேறு அளவு தெரியவில்லை.

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் அம்மா ஒருத்தி கூடையோடு எங்கள் தெருவில் வருவாள். அவளை நான் கூப்பிட மாட்டேன் என்று எதிர்வீட்டு அக்காவுக்குத் தெரியும். அந்த அக்காவே கூப்பிட்டு உட்கார வைத்தார். பாத்திரக்கார அம்மா சட்டைகளின் காலரைப் பார்த்தாள், பேண்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சேலைகளை மட்டும் பிரிக்கவில்லை. மடித்தபடியே கையால் எடை போட்டாள். குவியலின் அடியில், பீரோவிலிருந்து நான் எடுத்துப் போட்ட ஒரு பச்சைச் சேலை இருந்தது. மடிப்பெல்லாம் வெளுத்து, பல வருடமாக யாரும் உடுத்தாதது. அதையும் மூட்டையில் வைத்துக் கட்டினாள். எனக்குப் பேரம் பேச வராது. கடைசியில் ஒரு பெரிய எவர்சில்வர் பேசினை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

எதிர்வீட்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். “எடம் பண்றேன்னு துணிய குடுத்துட்டு, இந்தத் தொட்டிய வாங்கி வெச்சிருக்கியே! இத எங்க வெப்பே, உன் தல மேலயா?”

உண்மைதான். அதை வைக்க வீட்டில் இடமில்லை. அன்றைக்குக் கட்டில்மேல் வைத்தேன். ஆனால் பீரோ இலேசாகிவிட்டது. அக்காவின் வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து அதை எதிர்ச் சுவருக்குத் தள்ளினோம். அது நின்றிருந்த இடத்தில் தரை வேறு நிறத்தில் இருந்தது. கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் நேராக ஒரு வழி. நான் அதில் போய்ப் போய் வந்தேன். நேராக நடந்தேன்.

அந்த சந்தோஷத்தில் இருக்கும்போதுதான் போன் வந்தது.

“என்னாங்க, வர்ற வெள்ளிக்கிழம வந்துடறேன். வாக்கர் புடிச்சு நல்லா நடக்கறேன், டாக்டரே சொல்லிட்டாரு. வந்ததும் மொதல்ல கோயிலுக்குத்தான். அந்த முடிச்சு பத்திரமா இருக்குல்ல?”

“லாக்கர்ல இருக்குது.”

“லாக்கர்லயா? இல்லீங்க. பச்ச சீலைக்குள்ள வெச்சேன். அத யாரும் தொட மாட்டாங்கன்னுதான் அதுல வெச்சேன்.”

நான் கட்டில்மேல் இருந்த எவர்சில்வர் பேசினைப் பார்த்தேன்.

“ஏங்க, பேசவே மாட்டேன்றீங்க?”

“அடுப்புல பன் இருக்குது” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்போது நான் இருந்தது வீட்டில்.

யாரும் தொட மாட்டார்கள் என்று அவள் பத்திரமாக வைத்தாள். யாரும் தொடவில்லை என்பதாலேயே நான் எடுத்துக் கொடுத்தேன். இதை எத்தனை தடவை நினைத்தேன் என்று தெரியாது. மறுநாள் ஒரு தட்டு பன் கருகிப்போனது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் எனக்குப் பயமாக இருந்தது. அவள் கால் நன்றாக இருக்கிறதே, நன்றாகத்தானே நடக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உடனே, முடிச்சு போன பிறகு வலி திரும்ப வந்தால் என்று தோன்றும். சாமி அப்படிச் செய்யாது. ஆனால் அவள் அப்படி நினைத்துவிட்டால் கால் ஊன்றவே பயப்படுவாளே.

எதிர்வீட்டு அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

“அட, வேற ஒண்ணு முடிஞ்சு வெய்யிப்பா. யாருக்குத் தெரியப் போகுது?”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், செய்தும் பார்த்தேன். மஞ்சளில் துணியை நனைத்து, காசை வைத்துக் கட்டினேன். பார்த்தால் மைதா மூட்டையின் வாயைக் கட்டியது போல இருந்தது. என் விரலுக்கு வேறு முடிச்சு தெரியாது. அவள் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவாள். அவிழ்த்துவிட்டேன். விரலில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது.

பாத்திரக்கார அம்மாக்கள் மார்க்கெட்டுக்குப் பின்னாலுள்ள ஒரு சந்தில் உட்கார்ந்து துணி பிரிப்பார்கள் என்று அக்கா சொன்னார். விடுமுறை நாளில் போனேன். சந்து முழுக்கத் துணி மலை, ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டு மூன்று பெண்கள். எனக்குக் கால் வரவில்லை. டீ குடிக்கப் போகிறவன் மாதிரி அந்தக் கோடி வரைக்கும் போனேன், திரும்பினேன். மறுபடி போனேன்.

“ஏன்ணா, டைலரா நீ? சந்தை அளந்துகினே இருக்கியே!” என்று ஒருத்தி சத்தமாகக் கேட்டாள்.

எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருத்தி, “பொண்டாட்டியோட பட்டுச் சீலைய தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கும். மொகத்தப் பாரு, அடி வாங்கின மொகம்” என்றாள்.

திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. “பட்டு இல்லம்மா. பச்ச சீல. உள்ள ஒரு மஞ்ச முடிச்சு இருந்தது. கால் ஆபரேஷனுக்கு வேண்டிக்கினு முடிஞ்சது” என்று சொன்னேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

சிரிப்பு நின்றுவிட்டது.

முதலில் பேசியவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். “மஞ்ச முடிச்சு கைல பட்டா நாங்க வெச்சுக்க மாட்டோம்ணா. இங்க வரைக்கும் கொண்டுகூட வர மாட்டோம். அது நமக்கு ஆவாது. எந்த ஏரியா?”

“மர்பி டவுன்.”

அவள் போன் செய்து கன்னடமும் தெலுங்கும் கலந்து யாரிடமோ பேசினாள். பிறகு என்னிடம், “உங்க ஏரியாவுக்கு வர்றவ இன்னிக்கு ஆனேக்கல் போயிருக்கா. பச்ச சீலைல கை பட்டுச்சாம். அன்னிக்கே உங்க தெரு முனை அம்மன் கோயில் வேப்ப மரத்துக் கம்பியில கட்டிட்டு, கும்புட்டுட்டுதான் பஸ் ஏறினாளாம். போய்ப் பாருண்ணா” என்றாள்.

நான் கும்பிட்டேன். “சீல வேணாமா?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மறுபடி சிரிப்பு. இந்த முறை நானும் கொஞ்சம் சிரித்தேன்.

நேராகக் கோயிலுக்கு ஓடினேன். வேப்ப மரத்தைச் சுற்றிப் போட்ட கம்பி முழுக்க மஞ்சள் முடிச்சுகள். பெரியது, சின்னது, வெயிலில் வெளுத்தது, நேற்றுக் கட்டியது. எது அவளுடையது? சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றின் மேல் கை வைப்பேன், இன்னொருவர் வேண்டுதலாக இருந்தால் என்று கையை எடுத்துவிடுவேன். வெறுங்கையோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மகள் காரில் கூட்டிக்கொண்டு வந்தாள். என் மனைவி வாசலில் நின்று அறையைப் பார்த்தாள். வாக்கரை முன்னால் வைத்துக் கட்டிலைத் தாண்டி, பீரோவைத் தாண்டி, குளியலறைக் கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள். எங்கும் இடிக்கவில்லை. “நம்ம வீடு இவ்ளோ பெருசா?” என்றாள்.

அந்த வார்த்தையோடு விட்டுவிடலாம் என்று ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவள் பீரோ பக்கம் திரும்பிவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், அவள் முகத்தைப் பார்க்காமல் அந்த எவர்சில்வர் பேசினைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவள் வாக்கரை ஓரமாக வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். மகள் என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன்.

“சீலைய குடுத்ததுக்கு ஒண்ணும் சொல்லல” என்றாள் கடைசியில். “நான் என் கையால கட்டறேன்னு சொல்லியிருந்தேனே. யாரோ கட்டிட்டாங்களே.”

“கட்டினதுதான் வேற கை” என்றேன். “நடந்து வர்றேன்னுதானே சொன்னே. அது இன்னும் பாக்கி இருக்குது.”

இப்படி ஒரு பதில் எனக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, “செருப்ப எடுங்க” என்றாள்.

“அம்மா, கார்ல போலாம்” என்றாள் மகள்.

“நீ கார்ல வா.”

தெருமுனைக்குப் போக நிறைய நேரம் ஆனது. வாக்கர் முன்னால், அவள் கால் ஒன்று, பிறகு இன்னொன்று. குழி வந்தால் நான் முன்னால் ஓடி நிற்பேன். “நகருங்க, நீங்கதான் வழிய மறைக்கறீங்க” என்று திட்டினாள். எதிர்வீட்டு அக்காவும் கூடவே வந்தார், அதிசயமாகப் பேசாமல்.

கோயிலில் வேப்ப மரத்தைச் சுற்றி மெதுவாக நடந்தாள். ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்தாள். பின்பக்கம், அவள் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்த ஒன்றைத் தொட்டு, “இதுதான்” என்றாள். கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

அது அவளுடையதுதானா? பக்கத்தில் அதே மாதிரி நாலைந்து இருந்தன. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நான் கேட்கவில்லை. இன்றுவரைக்கும் கேட்கவில்லை.

இப்போது பீரோவில் ஒரு தட்டு முழுக்கக் காலியாக இருக்கிறது. புதிதாக எதையாவது வைத்து நிரப்பிவிடுவோமோ என்று எனக்குப் பயம். தினமும் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு மூடுவேன். பேசின் குளியலறையில் இருக்கிறது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்க அதில்தான் வெந்நீர் விளாவி வைக்கிறேன். ரவிக்கைத் துணிகளில் ஒன்றை மட்டும் அவள் திரும்பக் கேட்டாள். அந்த ஊதா. நல்ல வேளை, அது மூட்டையில் போகாமல் இருந்தது. அதைத் தைக்கக் கொடுத்திருக்கிறாள்.

வேலைக்குக் கிளம்பும் முன் கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத்தான் போகிறேன். வழியில் ஏதாவது கிடக்கிறதா என்று. இன்றைக்கு ஒன்றும் கிடக்கவில்லை.

ஆடி மாதம், மூன்றாம் வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை.